அம்சவேணியின் கைகள் வந்துபோன காலம்

அம்சவேணி கடல் தாண்டிப் போன பிறகு வந்த முதல் ஆடி மாதத்தில், காற்று தகரக் கூரைகளை உலுக்கி எடுத்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவளுடைய கைகள் இரண்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தன.

முழங்கைக்குக் கீழே உள்ள பாகம் மட்டும்தான் வந்தது. சமையலறை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே, கொடியில் காய்ந்த துணி காற்றில் நழுவி விழுவதுபோல முதலில் வலது கையும் பின்னாலேயே இடது கையும் உள்ளே வந்து, மேடையில் இறங்கி, குழாய் எங்கே அடுப்பு எங்கே என்று கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, தொட்டியில் நாள்கணக்காகக் கிடந்த பாத்திரங்களைத் துலக்கத் தொடங்கின. முனைக்கடையில் கொடுத்து வைத்திருந்த சாவியை வாங்கிக் கதவைத் திறந்த கனிஷ்கா, முதுகில் புத்தகப்பையோடு நின்று அதைப் பார்த்தாள். அவளுக்கு ஏழு வயது. பயப்படவில்லை. அம்மா, பசிக்குது என்றாள். கைகளுக்குக் காது இல்லாததால் அவை பாட்டுக்குத் துலக்கிக்கொண்டிருந்தன. அவள் கிட்டே போய் ஒரு விரலைத் தொட்டதும்தான் குழாயை மூடி, ஆணியில் தொங்கிய துண்டில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தையும் காதையும் தாடையையும் ஒரு தரம் தடவி, பிறகு தலைக்குப் போய், அப்பா நாச்சிமுத்து காலையில் ரப்பர் பேண்டு போட்டுக் கொத்தாகக் கட்டிவிட்டிருந்த முடியை அவிழ்த்துச் சிக்கெடுத்து, ரெட்டை ஜடை பின்னின. அதன் பிறகு ஒரு கிண்ணம் அவலை நனைத்து, வெல்லம் தட்டிப் போட்டு, தேங்காய் துருவிக் கிளறி அவள் முன்னால் நகர்த்தி வைத்தன. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்த வழியே போய்விட்டன.

நாச்சிமுத்து அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்தபோது, அடிபிடித்துக் கரிந்து அவன் தூக்கியெறிய நினைத்திருந்த குக்கர் கவிழ்த்து வைத்த நிலா மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. மேடையில் கொட்டிப் பிசுபிசுத்துக் கிடந்த எண்ணெயின் மேல் யாரோ மாவு தூவித் துடைத்திருந்தார்கள். மகளின் முடியில் வகிடு நூல் பிடித்ததுபோல இருந்தது.

“அம்மா கை வந்துச்சுப்பா” என்றாள் கனிஷ்கா.

அவன் அதைக் காதில் வாங்காமல், அடுத்த வீட்டு பேபியக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டு வரலாமென்று செருப்பை மாட்டினான். பேபியக்காவோ, தான் இப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து இன்னும் முகம்கூடக் கழுவவில்லை என்றும், தன் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கவே ஆள் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள்.

நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே இருந்த அந்தக் காம்பவுண்டில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு மேலே எல்லோருக்கும் பொதுவாகத் துணிக்கொடிகள். குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் பனியன் கம்பெனிக்காரர்கள். ஓவர்லாக் அடிக்கிறவர்கள், தைத்ததைச் செக்கிங் பார்க்கிறவர்கள், அயர்ன் போடுகிறவர்கள். காலையில் சங்கு ஊதியதும் அப்பா அம்மா என்று சொல்லத்தக்க ஒருவர்கூட அங்கே மிஞ்சமாட்டார்கள். பிள்ளைகள் தாங்களே பூட்டி, தாங்களே திறந்து, மூடி வைத்ததைத் தாங்களே போட்டுத் தின்று, அப்பா அம்மாவின் சைக்கிள் சத்தத்துக்கும் செருப்புச் சத்தத்துக்கும் காத்திருந்து வளர்ந்தார்கள்.

அம்சவேணியும் செக்கிங்கில் இருந்தவள்தான். வேலைக்குப் போகிற பொம்பளைக்கு ஒரு நாளில் ரெண்டு சந்துதான் இருக்கிறது, காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று, அதற்குள் நுழைந்து வீட்டையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பாள். அதற்கென்று அவளிடம் நூறு சூட்சுமம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புளியை உப்புப் போட்டுக் கொதிக்கவைத்துப் பாட்டிலில் ஊற்றி வைப்பாள், வாரம் முழுக்கக் கரைக்கிற வேலை இல்லை. சின்ன வெங்காயத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள், வந்து பிதுக்கினால் தோல் தானாகக் கழன்றுவிடும். அரிசியையும் பருப்பையும் காயையும் ஒரே குக்கரில் அடுக்கடுக்காக ஏற்றி ஒரே தீயில் இறக்குவாள். பள்ளிக்கூடத்து உடுப்பைத் திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் பாவாடைக்குள் சட்டை, சட்டைக்குள் சாக்ஸ் என்று சுருட்டி வரிசையாக வைத்துவிடுவாள். ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன அவர்களுடைய சொந்த வீட்டுக்குக் கூரை போட வேண்டும் என்று, குவைத்தில் ஒரு குடும்பத்துக்கு வீட்டு வேலைக்கு இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கிளம்பியபோது, இதையெல்லாம் அவள் நாச்சிமுத்துவுக்கு ஒரு மாதம் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவனும் ம், ம் என்று தலையாட்டினான். அவள் போய்விடப் போகிறாள் என்ற ஒன்றே அவன் காதை அடைத்துக்கொண்டிருந்ததால், அவள் சொன்னதில் ஒரு சொல்கூட உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் அவன் மத்தியானத்தோடு பர்மிஷன் போட்டுவிட்டு வந்து, மகளோடு சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தான். நாலரை மணிக்குக் கைகள் வந்தன. வலது மணிக்கட்டுக்கு மேலே, கல்யாணமான புதிதில் அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்த வடு இருந்தது. கட்டைவிரல் நகம், கம்பெனியில் ஊசி ஏறியதிலிருந்து இரண்டாகப் பிளந்தே வளர்கிற நகம். அவனுக்கு அதற்கு மேல் அடையாளம் வேண்டியிருக்கவில்லை. எழுந்து போய், பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த வலது கையின் மேல் தன் கையை வைத்தான். அது நின்றது. நுரையோடு அவன் மணிக்கட்டைத் தடவி, அங்கே கட்டியிருந்த சாமிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, அவனென்று தெரிந்துகொண்டு, ஒரு நிமிஷம் இறுக்கிப் பிடித்தது. பிறகு விட்டுவிட்டு, கழுவிய தட்டு ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தது. துடைத்து அடுக்கச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டு அவன் துடைத்து அடுக்கினான். கைகளில் இந்த ஊரில் இல்லாத ஏதோ பினாயில் வாசமடித்தது. விரல்நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

குவைத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்காரர்கள் எல்லோரும் படுத்துவிடுவார்கள் என்றும், அந்த நேரத்தில்தான் தனக்கும் மாடிப்படிக்குக் கீழேயுள்ள அறையில் கொஞ்சம் கண் மூட முடிகிறது என்றும் அம்சவேணி முன்பே சொல்லியிருந்தாள். அங்கே அவள் தூங்குகிற அந்த நேரம்தான் இங்கே பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். இதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை.

காம்பவுண்டுக்குச் செய்தி இரண்டே நாளில் பரவியது. பேபியக்காதான் முதலில் வந்து பார்த்தாள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவள், இரட்டைப் பிள்ளைகளோடு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கழன்றவள். கைகள் கீரை ஆய்வதை வாசல்படியில் சாய்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கையாச்சும் வந்துச்சே தம்பி, சில பேருக்குக் கடுதாசிகூட வராது” என்றாள். அப்புறம் மற்றவர்கள் வந்தார்கள். ஒருத்தி வாசலில் மஞ்சள் தெளித்துக் கோலம் போட்டாள். ஒருத்தர் சூடம் ஏற்ற வந்து, கைகள் வாழைக்காய் சீவுவதைப் பார்த்ததும், வேலையில் இருக்கிறவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று அணைத்துவிட்டுப் போனார். வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, கை என்றாலும் தண்ணீர் புழங்குகிறதல்லவா என்று சொல்லி, தொட்டித் தண்ணீர் முறையில் நாச்சிமுத்துவின் வீட்டுக்கு ஒரு ஆளைக் கூட்டிக் கணக்கு வைத்துக்கொண்டார். அந்த மட்டோடு ஆச்சரியம் தீர்ந்துபோயிற்று.

அதன் பிறகு வந்தது வேலைதான். பேபியக்கா ஒரு நாள் தயங்கித் தயங்கி, சும்மா இருக்கிற நேரத்தில் உரிக்கட்டும் என்று ஒரு முறம் வெங்காயத்தைக் கொண்டுவந்து மேடையில் வைத்தாள். கைகள் உரித்தன. எதிர் வரிசைக்காரி, பால் பொங்கித் தீய்ந்த சட்டியைக் கொண்டுவந்தாள். கைகள் அதில் உப்பையும் புளித்த மோரையும் ஊற்றி அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்து, ஒரு தேய்ப்பில் வெளுப்பாக்கின. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண்பிள்ளைகள் எல்லோரும் சீப்பும் ரிப்பனுமாகக் கனிஷ்காவின் வாசலில் வரிசை கட்டினார்கள்; கைகள் ஒவ்வொரு தலையாகத் தடவி, பேன் இருந்தால் எடுத்து, பின்னி அனுப்பின. எந்தத் தலை யாருடையது என்று அவற்றுக்குத் தெரியாது, ஆனால் கனிஷ்காவின் தலை வரும்போது மட்டும் முதலில் ஒரு தரம் உச்சியில் உள்ளங்கை வைத்து, அப்புறம்தான் சீப்பைத் தொடும். அந்தப் பெருமை கனிஷ்காவுக்கு இருந்தது. கடைசியில் நின்றால் அம்மா அவசரமில்லாமல் பின்னுவாள் என்று அவள் எப்போதும் வரிசையில் கடைசியாகவே நின்றாள்.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தபோது, காம்பவுண்டில் பெண்கள் சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வருவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒரே அண்டாவில் இட்லி மாவு, ஒரே உருளியில் தக்காளித் தொக்கு, ஒரே ஜாடியில் இஞ்சி பூண்டு அரைப்பு. அவரவர் டப்பா வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் மேல் முன்னைப்போல எரிந்துவிழாமல் மடியில் போட்டுக் கதை பேசுகிற அளவுக்கு அவர்களுக்கு நேரம் கிடைத்தது. அது நல்ல காலமாகத்தான் இருந்தது. நாச்சிமுத்துவும் மறுபடி தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மேடைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கைகள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் வாய் சொல்லி ஏறாததெல்லாம் அப்படிப் பார்த்துப் பார்த்து அவனுக்குள் ஏறிக்கொண்டிருந்தது, அவனுக்கே தெரியாமல்.

வெள்ளிக்கிழமைகளில் அம்சவேணி போனில் பேசுவாள். கைகள் வருவதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. சொன்னால் வராமல் போய்விடுமோ என்று பயம். கனிஷ்காவையும் சொல்லக்கூடாதென்று கட்டிப்போட்டிருந்தான். ஆனாலும் அவள் ஒரு வெள்ளிக்கிழமை மறந்துபோய், நேத்து நீ ரொம்ப இறுக்கிப் பின்னிட்டம்மா, தலை வலிச்சுது என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து அம்சவேணி, சரி சாமி, இனிமே மெதுவாப் பின்றேன் என்றாள்.

அவனிடம் பேசும்போது அவள் வேறு விஷயம் சொன்னாள். மத்தியானம் படுத்து எழுந்தால் கைகள் இரண்டும் மரத்துக் கிடப்பதாகவும், உயிர் வருவதற்கு வெகுநேரம் ஆவதாகவும், படுக்கும்போது இருப்பதைவிட எழும்போது அசதியாக இருப்பதாகவும், இரண்டு தரம் பீங்கான் தட்டு நழுவிவிட்டதாகவும் சொன்னாள். தைலம் தேய்த்துக்கொள் என்றான் அவன். மறுநாள் காலையில் மேடையில் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்த அக்கம்பக்கத்து டப்பாக்களைப் பார்த்தான். அவற்றை அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்திய வாரம், கம்பெனிகள் எல்லாம் இரண்டு ஷிப்டு ஓடின. எந்த வீட்டிலும் பலகாரம் சுட ஆளில்லை. ஆகவே காம்பவுண்டே சேர்ந்து மாவரைத்து, அம்சவேணியின் கையாலேயே முறுக்குப் பிழிந்துவிடலாம் என்று முடிவு செய்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமையலறையிலும் வாசலிலும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கைகள் வந்து, முறுக்கு நாழியைத் தடவி எடுத்து, சட்டிக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பிழிந்தன. தீயைக் குறைத்தன, கூட்டின, அரிகரண்டியால் அள்ளின. பிள்ளைகள் கிண்ணத்தோடு சுற்றி நின்றார்கள். விளக்கு வைக்கிற நேரம் வந்தபோது கைகள் நாழியைக் கீழே வைத்து, துண்டைத் தேடின. இன்னும் ஒரே ஒரு ஈடுதான் என்று யாரோ மாவு உருண்டையை வைத்தார்கள். கைகள் அதையும் பிழிந்தன. மறுபடி துண்டைத் தேடின. மறுபடி ஓர் உருண்டை வந்தது. அப்படி எத்தனை வந்ததென்று யாரும் கவனிக்கவில்லை. வெளியே இருட்டிவிட்டது. கடைசியாகப் பாத்திரத்தில் ஒட்டியிருந்த மாவை வழித்து உருட்டி, விரிந்து கிடந்த அந்த உள்ளங்கையில் வைத்தது நாச்சிமுத்துதான். பிழிந்துகொண்டிருக்கும்போதே கைகள் நடுங்கின. முறுக்கு வட்டமாக விழாமல் துண்டுதுண்டாக விழுந்தது. பிறகு அவை துண்டுகூடத் தேடாமல், மாவும் எண்ணெயுமாக ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டு போயின.

அந்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வாரம் வந்தபோது அம்சவேணியின் குரல் தாழ்ந்திருந்தது.

“தீவாளிக்கு முந்துன ஞாயித்துக்கெழம மேடம் கூப்புட்டாங்கன்னு எந்திரிச்சு ஓடுனனுங்க. கை இருந்துச்சு, ஆனா என்னோடதா இல்ல, கட்டையாட்டத் தொங்குச்சு. அப்படியே டீக் கெண்டியத் தூக்கிட்டேன். கால் மேல சாஞ்சிருச்சு.”

மேடமே மருந்து போட்டுவிட்டதாகவும், புண் ஆறிக்கொண்டு வருவதாகவும், ஆனால் கையில் நோய் இருக்கிற பெண்ணை வைத்துக்கொள்ள முடியாது, வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லியிருப்பதாகவும் அவள் சொன்னாள். மாற்றிவிடுகிற வீடுகளைப் பற்றி அங்கே மற்றப் பெண்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறாள். அதை அவள் அவனிடம் விவரிக்கவில்லை. பொறுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள். ஒப்பந்தம் முடியாமல் திரும்பி வரவும் வழியில்லை.

நாச்சிமுத்து போனை வைத்துவிட்டு, தீபாவளி முறுக்கு மிச்சமிருந்த டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி, தண்ணீர்த் தொட்டிக்குப் போனான். துணி அலசிக்கொண்டிருந்த பெண்களிடமும் பல் விளக்கிக்கொண்டிருந்த ஆண்களிடமும், இனி யாரும் ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னான். ஏன் என்று கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொன்னான். ஒருத்தி, நாங்க என்னத்தக் கண்டோம் என்று தனக்குத்தானே முனகினாள். பேபியக்கா கையிலிருந்த சட்டையைப் பிழியாமலே வாளியில் போட்டுவிட்டு, அவன் வீட்டுக்குப் போய், மேடையிலிருந்த தன் டப்பாவையும் மற்றவர்கள் டப்பாக்களையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து வாசல் வாசலாக வைத்தாள். அன்று சாயங்காலம் இரண்டு வரிசையிலும் பிள்ளைகள் மறுபடி பசியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனாலும் கைகள் வந்தன. வீட்டில் வேலை இருக்கிற வரைக்கும் வரும் என்று அவனுக்கு விளங்கியது. அன்றிலிருந்து அவன் கோழி கூப்பிட எழுந்தான். வெங்காயத்தை வெந்நீரில் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடித்தான், வந்து தோலைப் பிதுக்கினான். குக்கரில் கீழே பருப்பு, நடுவில் அரிசி, மேலே காய் என்று அடுக்கி, ஒரே தீயில் காலைக்கும் சாயங்காலத்துக்கும் சேர்த்து இறக்கினான். சமைக்கிறபோதே பாத்திரத்தைக் கழுவிக் கழுவிக் கவிழ்த்தான், தொட்டியில் ஒரு கரண்டிகூடத் தங்காமல். எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டுத் தொட்டியைத் தேய்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாவாடைக்குள் சட்டை, சட்டைக்குள் சாக்ஸ் என்று வாரத்தைச் சுருட்டி வைத்தான். அவள் ஒரு மாதம் சொல்லி அவன் கேட்காமல் விட்ட சொற்கள் எல்லாம், அவள் விரல்கள் வழியாக அவன் விரல்களுக்கு வந்துசேர்ந்திருந்தன. ஒவ்வொரு வேலையை முடித்தபோதும், அங்கே மாடிப்படிக்குக் கீழே படுத்திருக்கிறவள் ஒரு மூச்சு கூடுதலாகத் தூங்குவாள் என்று நினைத்துக்கொண்டான்.

கைகள் நாலரை மணிக்கு வந்து மேடையைத் தடவும். காய்ந்து கிடக்கும். தொட்டியைத் தடவும். குக்கரை முகர்ந்து பார்ப்பதுபோல மூடியைத் திறந்து, ஆறிய சாதத்தை ஒரு விரலால் அழுத்தி, மூடிவைக்கும். வலது கை இடது கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். பிறகு கனிஷ்கா வந்ததும், அவன் காலையில் கோணல்மாணலாகப் பின்னி அனுப்பிய ஜடையை அவிழ்த்து, முதலிலிருந்து பின்னும். வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஓடி ஓடித் திரும்பின, கை அவ்வளவு மெலிந்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவள், இப்போது கொஞ்சம் தேவலை, ஆனாலும் மரமரப்பு முழுக்கப் போகவில்லை என்றே சொன்னாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை. அதை எப்படி மகளிடம் சொல்வதென்று அவன் பல நாள் தவித்தான். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், முறத்தில் வெங்காயத்தைக் கொட்டி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அம்மாவின் காலில் கொதிக்கிற டீ கொட்டியதையும், அது ஏன் கொட்டியது என்பதையும் மறைக்காமல் சொன்னான். முறுக்கு சுட்ட அன்னிக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றான். அவள் தோலை உரித்துக்கொண்டே யோசித்தாள்.

“இப்ப வேலையெல்லாம் நீதான செய்யற. அப்பறம் எதுக்கு வருது?”

அவன் முறத்திலிருந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தான். அவளே கொஞ்ச நேரத்தில் தன் ஜடையைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தாள்.

“முடி இல்லீனா கைக்கு வேல இருக்காதுல்லப்பா?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்காயம் வாகாக ஒரு சாக்கைக் கொடுத்தது. பேபியக்கா பையன்களுக்கு அடித்தது மாதிரி மொட்டை அடித்துவிடலாம், சாமிக்கு என்று சொன்னால் பள்ளிக்கூடத்தில் சிரிக்கமாட்டார்கள் என்றாள் அவள். அப்புறம் குரலை இறக்கி, அப்ப அம்மா வராதா என்று கேட்டாள்.

“கை வராது கண்ணு. அம்மா வரும்.”

எப்ப என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைக்கோயிலுக்குப் போனார்கள். பேபியக்காவும் பிள்ளைகளோடு கூட வந்தாள். நாவிதர் நனைத்துவிட்டு வகிட்டிலிருந்து கத்தியை இறக்கியபோது கனிஷ்கா அழவில்லை; அவளைப் பார்த்துப் பேபியக்காதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். மொட்டைத் தலையில் அப்பா குளிரக் குளிரச் சந்தனம் பூசினான். மத்தியானமே பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். கை இன்னொரு தரம் வரட்டும், வந்து தெரிந்துகொண்டு போகட்டும் என்று கனிஷ்கா சொல்லியிருந்தாள்.

நாலரை மணிக்குக் கைகள் வந்தன. மேடை காய்ந்திருந்தது, தொட்டி காய்ந்திருந்தது. கனிஷ்கா போய் அவற்றுக்கு நேராக நின்றாள். காம்பவுண்டே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது, யாரும் உள்ளே வரவில்லை. வலது கை வழக்கம்போல உச்சியில் உள்ளங்கையை வைத்தது. வைத்தது அப்படியே நின்றுவிட்டது. பிறகு இடது கையும் வந்து, இரண்டுமாகப் பின்மண்டை, காதோரம், நெற்றி என்று முடியைத் தேடித் தேடிப் போயின, கழுத்துவரை இறங்கின, முதுகில் ஜடை தொங்குகிற இடத்தைத் தடவின, மறுபடி உச்சிக்கு வந்தன. சந்தனத்தில் வழுக்கின. சீப்பை எடுக்கவில்லை. கனிஷ்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், தலையை அந்த உள்ளங்கைகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டு. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ, வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகித் தங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார்கள். வெளிச்சம் மங்குவதற்கு முன்பாகவே கைகள் விலகி, அவள் கன்னத்தை ஒரு தரம் தொட்டு, ஜன்னல் வழியாகப் போயின. துண்டு தேடவில்லை.

மறுநாள் வரவில்லை. அதன் மறுநாளும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அம்சவேணி பேசினாள். வழக்கமாகக் கேட்கிற விசாரிப்புகளைக் கேட்டாள், காலில் புண் காய்ந்து தோல் வந்துவிட்டது என்றாள். அந்தப் பக்கத்தில் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“ஏனுங்க” என்றாள். “அன்னிக்குத் தூங்கி எந்திரிச்சேன். ரெண்டு கையிலயும் சந்தனமா இருந்துச்சு. பாப்பாவுக்கு எந்தக் கோயில்ல முடி எறக்குனீங்க?”

அவன் கோயிலைச் சொன்னான்.

“நல்லதுங்க” என்றாள் அவள். சாயங்காலம் வரைக்கும் கையைக் கழுவாமலே வேலை செய்ததாகவும், மேடம் அது என்ன வாசம் என்று கேட்டதாகவும், ஊரிலிருந்து வந்தது என்று சொன்னதாகவும் சொன்னாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று அவன் கேட்கவில்லை. இனிமேல் மத்தியானம் நன்றாகத் தூங்குகிறேன், நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கையில் மரமரப்பு இல்லை. வேறு வீட்டுக்கு மாற்றுகிற பேச்சும் எழவில்லை.

காம்பவுண்டு மறுபடி பழையபடிக்கு வந்தது; முழுக்கப் பழையபடி என்றும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேபியக்காவின் வாசலில் எல்லோரும், ஆண்களும்கூட, முறத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வாரத்துக்கான வெங்காயத்தை உரித்து, புளியைக் கொதிக்கவைத்து, தேங்காயைத் துருவிப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். யாருக்காவது கை ஓய்ந்தால் மற்றவர்கள், போதும் வை என்றார்கள். அந்தச் சொல்லை அதற்கு முன் அந்தக் காம்பவுண்டில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

தை பிறந்து மாசியும் பாதி போனது. கனிஷ்காவுக்கு முடி கருகருவென்று வளர்ந்து காதைத் தொட்டது. ஒரு சாயங்காலம் நாச்சிமுத்து ஒரே ஷிப்டோடு வீட்டுக்கு வந்தபோது, அவள் சமையலறை மேடைக்கு முன்னால், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் சீப்பு இருந்தது. உச்சியில் எட்டிய கொஞ்சம் முடியைக் கூட்டிப் பிடித்து, தானே ஒரு சிவப்பு ரிப்பனைச் சுற்றியிருந்தாள், அது நிற்காமல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. அவன் அவளைக் கூப்பிடாமல் வாசற்படியிலேயே நின்றான். ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே கொடியில் காய்ந்த துணி ஒன்று காற்றில் எழும்பி, கம்பியில் பட்டு, திரும்பிப் போயிற்று.

அவள் ரிப்பனை உருவினாள். சீப்பை இருந்த இடத்தில் வைத்தாள். திரும்பியபோது அப்பாவைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“முடி வளந்துருச்சுப்பா” என்றாள். “வா, போயி வெட்டிட்டு வந்தர்லாம்.”

அவன் செருப்பைக் கழற்றவேயில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெயில் சாய்ந்த தெருவில் இறங்கி, முடிவெட்டுகிற கடைக்கு நடந்தான்.